முதல் மூன்று நாள் மருந்துக்கு, சோதனைக்கு அதன் பிறகு

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு இருக்கின்றன. வயது 25, திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. திங்கட்கிழமை இரவு, மணக்கவிருப்பவருடன் ஆணுறை இல்லாமல் உறவு நேர்ந்துவிட்டது. விந்தை வெளியே விட்டுவிட்டதாக அவர் சொல்கிறார். அன்று மாதவிலக்கு தொடங்கிப் பன்னிரண்டாவது நாள். இன்று புதன் காலை. கர்ப்பம் தங்குமா, நோய் ஏதேனும் தொற்றியிருக்குமா, இன்றே லேபில் ரத்தம் கொடுத்தால் இரண்டும் தெரிந்துவிடுமா, அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று தோழி சொல்வது மெய்யா என்பவை அவர் கேட்டவை. நான் மகப்பேறு மருத்துவர். நெல்லைச் சீமையில் முதலில் அரசுப் பணியிலும் பின்னர் சொந்த மருத்துவமனையிலும் நெடுநாள் இருந்தவள். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுவதால், உங்கள் உடலைப் பற்றிய முடிவாக இதைக் கொள்ளாமல், இன்று மாலைக்குள் ஒரு மருத்துவரைப் பார்ப்பதற்கான தயாரிப்பாகக் கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறுவது அங்கேதான். இத்தகைய அச்சத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு லேப் உறையோடு வருகிறார்கள். உறவு நடந்த மறுநாளே திருநெல்வேலி ஜங்ஷனிலோ நாகர்கோவிலிலோ, தெரிந்தவர் கண்ணில் படாத ஓர் ஆய்வகத்தில் எச்.ஐ.வி., கர்ப்பம் என எல்லாவற்றுக்கும் பணம் கட்டி, எல்லாம் ‘நெகட்டிவ்’ என்று வந்ததில் நிம்மதியடைந்து, ஒரு வாரம் கழித்து ஏதோ உறுத்த என்னிடம் வருவார்கள். அந்த அறிக்கை, உறவுக்கு முன்பு அவர்கள் உடல் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது; அந்த இரவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தடுப்பு மருந்துகளுக்கான கெடுவோ அதற்குள் முடிந்திருக்கும். மருந்து மணிக்கணக்கில் பார்க்க வேண்டியது, சோதனை வாரக்கணக்கில் பார்க்க வேண்டியது. நம் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆகவே இன்று உங்கள் நேரமும் பணமும் போக வேண்டிய இடம் லேப் அன்று.

கர்ப்பத்துக்கு வருகிறேன். கருமுட்டை வெளிவந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். எனவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்கள்தாம் கருத்தரிக்கக்கூடிய காலம். அது எந்த ஆறு நாள் என்பதில்தான் சிக்கல். பதினான்காம் நாள் முட்டை வெளியாகும் என்று பாடநூலில் படித்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினான்கு, அடுத்த மாதவிலக்கிலிருந்து ஏறக்குறையப் பின்னோக்கி எண்ணப்படுவது. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவருக்கு அது பதினான்காம் நாள்; 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு இருபத்தோராம் நாளை ஒட்டி வரும்; பரீட்சை, காய்ச்சல், இரவுப் பணி போன்றவற்றால் ஒரு மாதம் மாறவும் கூடும். உங்கள் சுழற்சி 28 நாளை ஒட்டியது என்றால், பன்னிரண்டாம் நாள் என்பது கருத்தரிக்க மிகவும் வாய்ப்புள்ள நாட்களில் ஒன்று. அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் இழுத்தால் நூல் போல நீள்வதாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நோய் தொற்றிவிட்டது என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. அது நோயில்லை, முட்டை வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டதற்கான அடையாளம். உச்ச நாட்களில் பாதுகாப்பில்லாத ஒரே ஓர் உறவில் கர்ப்பம் தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருக்கலாம் என்பது ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் கணக்கு. இது பலரைச் சேர்த்து எடுத்த சராசரியே தவிர, உங்களுக்கான ஆரூடமாகாது.

விந்தை வெளியே விட்டது ஆபத்தைக் குறைக்கிறது, நீக்கிவிடுவதில்லை. அம்முறையை மட்டுமே நம்பியிருக்கும் நூறு தம்பதியரில் ஏறத்தாழ இருபது பேருக்கு ஓர் ஆண்டுக்குள் கர்ப்பம் தங்கிவிடுகிறது. விந்து வெளிவருவதற்கு முன் கசியும் நீரிலும் சில ஆண்களுக்கு உயிருள்ள அணுக்கள் இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. யாருக்கு இருக்கும், யாருக்கு இராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உறவு முடிந்தவுடன் சிறுநீர் கழிப்பதோ, எழுந்து நிற்பதோ, உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவதோ கர்ப்பத்தைத் தடுக்காது. கழுவுவதில் தீமையும் உண்டு: அங்கே இயல்பாக இருந்து காக்கும் நுண்ணுயிர்கள் அழிந்து தொற்றுக்கு வழி உண்டாகும்.

இன்று நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரை. ஒரே வேளை, ஒரே மாத்திரை. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். உங்கள் கணக்கில் வியாழன் இரவு வரை நேரமிருக்கிறது என்றாலும் வியாழனுக்காகக் காத்திருக்கக் கூடாது, எவ்வளவு முன்னதாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு பலன் கூடும். இது வேலை செய்யும் விதம், முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவது. இது கருவைக் கலைக்கும் மருந்து என்ற எண்ணம் நம்மிடையே மருந்து விற்பவர்களிடம்கூட இருக்கிறது, அது சரியில்லை. தங்கிவிட்ட கர்ப்பத்தை இது கலைக்காது, அதற்குக் கேடும் செய்யாது. கரு ஒட்டுவதையும் இது தடுக்கக்கூடும் என்ற ஐயம் முன்பு இருந்து, பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாளிலும் அப்படி அச்சிடப்பட்டு வந்தது. சான்றுகளைப் பார்த்தபின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் அந்த வாசகத்தை நீக்கியது. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் இன்னொரு மாத்திரை சாப்பிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெப்பின் ஆகியவற்றில் ஏதேனும் எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். எடை 70 கிலோவைத் தாண்டியவர்களுக்கும் பலன் குறையலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன, இதில் மருத்துவர்களிடையே முழு உடன்பாடு இல்லை. மாத்திரை சாப்பிட்ட பின் அதே மாதத்தில் மறுபடியும் பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்தால், முன்பு சாப்பிட்டது அதற்குக் காவல் ஆகாது. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, அது பின்னால் வரும்.

இந்த மாத்திரையின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் உடலில் பொங்கத் தொடங்கிவிட்டால் இதனால் அதைத் தள்ளிப்போட முடியாது. பன்னிரண்டாம் நாள் உறவு, பதினான்காம் நாள் மாத்திரை என்பது அந்த விளிம்புக்கு மிக அருகில் இருப்பதால்தான் இரண்டாவது வழியையும் சொல்கிறேன்: காப்பர் டி. உறவு நடந்து ஐந்து நாளுக்குள், அதாவது உங்களுக்குச் சனிக்கிழமை இரவுக்குள், கருப்பையினுள் இதை வைத்துவிட்டால் நூற்றில் 99 பேருக்கு மேல் கர்ப்பம் தடைபடுகிறது. முட்டை வெளியாகிவிட்டதா என்பதை அது சார்ந்திருப்பதில்லை, ஏனெனில் தாமிரம் விந்தணுவையே செயலிழக்கச் செய்கிறது. பிள்ளை பெறாதவர்களுக்கு வைக்கக் கூடாது என்று சிலர் மறுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி நெறிகளில் அப்படியொரு தடை இல்லை. வைக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். மாதவிலக்கு வலி போன்ற பிடிப்பு அப்போதும், இரண்டொரு நாளும் இருக்கும். கருப்பை வாயில் சீழ் போன்ற கசிவு தெரிந்தால் மட்டும் வைப்பதில்லை, முதலில் தொற்றைக் குணப்படுத்த வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இன்று கிடைக்கிற முதல் இடத்தில் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, நாளையோ நாளை மறுநாளோ காப்பர் டி பற்றி ஒரு பெண் மருத்துவரிடம் பேசுங்கள் என்பேன். ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

கிடைப்பது வேறு விஷயம். மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க நாட்டில் அனுமதியுள்ள மாத்திரை இது. ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகள் இதை வைப்பதே இல்லை, வைத்திருப்பவர்களும் சீட்டு கேட்பார்கள். ஊர்க்கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது, கல்லாவில் இருக்கும் அண்ணாச்சிக்கு உங்கள் அப்பாவையும் தெரியும், கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைத்திருப்பீர்கள். கடை கடையாக அலைவதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவிலோ கேட்பது சுருக்கமான வழி. அங்கே இந்த மாத்திரையும் காப்பர் டி-யும் இலவசம். உள்ளூரில் வேண்டாம் என்றால் வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பஸ் இருக்கிறது, நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்துக்கும் பஸ் இருக்கிறது. மருத்துவரிடம் சுற்றி வளைக்க வேண்டாம்: “திங்கள் இரவு பாதுகாப்பில்லாத உறவு, பன்னிரண்டாம் நாள், அவசரக் கருத்தடை வேண்டும்” என்றால் போதும். திருமணச் சான்றைக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

மாத்திரைக்குப் பின் சில நாளில் லேசாக ரத்தம் தெரிந்தால் ‘குளித்துவிட்டேன்’ என்று எண்ணிவிடாதீர்கள். அது மாத்திரையின் விளைவாக இருக்கலாம், மாதவிலக்கு என்று கொள்ள முடியாது. அடுத்த மாதவிலக்கு சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம். எப்படியானாலும் உறவு நடந்ததிலிருந்து 21 நாள் கழித்து, வீட்டிலேயே செய்யும் கார்டு சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். அதற்கு முன் செய்து ‘இல்லை’ என்று வந்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை, ஏனெனில் கார்டு கண்டறியும் கர்ப்ப ஹார்மோன் கரு ஒட்டிய பின்னரே உருவாகும். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது. உறையில் இருக்கும் சிறு உறிஞ்சுகுழலால், அதில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையில் சொட்டுகளைக் குழியில் விட்டு, ஐந்து நிமிடம் தட்டையான இடத்தில் வைத்துப் பாருங்கள். ‘சி’ என்ற இடத்தில் கோடு வராவிட்டால் கார்டு பழுது, வேறொன்று வாங்க வேண்டும். ‘டி’ என்ற இடத்தில் மங்கலாகக் கோடு வந்தாலும் அது கர்ப்பம்தான் என்று கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஆனால் அரை மணி நேரம் கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் சாம்பல் கோட்டுக்குப் பொருளில்லை.

நாள் தள்ளிப்போனால் எள்ளும் கருப்பட்டியும், பப்பாளிக்காயும், அன்னாசியும் என்று வீட்டு வைத்தியம் வரிசையாக வரும். எள்ளுருண்டை சாப்பிட நன்றாக இருக்கும். கர்ப்பத்தைக் கலைக்கும் என்பதற்குச் சான்றில்லை, அதை நம்பிக் காத்திருந்து மூன்றாம் மாதத்தில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் முறையான வழி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டபின், கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கலைக்கலாம், திருமணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். வேறு யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை, பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கலைப்பு மாத்திரைகள் ஒன்பது வாரத்துக்குள் மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டியவை. கடையில் வாங்கித் தனியாகச் சாப்பிடுவதில் உள்ள பெரிய ஆபத்து, கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அது தெரியாமல் போவதுதான். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையான வலியோ, தலைசுற்றி மயக்கமோ வந்தால் நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இனித் தொற்றைப் பற்றி. இங்கே முதல் கேள்வி உங்களைப் பற்றியதாக இருக்காது, அவரைப் பற்றியது. அவருக்கு இல்லாத நோய் அவரிடமிருந்து உங்களுக்கு வராது. அவருக்கு இருக்கிறதா என்பது முகத்திலும், வேலையிலும், குடும்பப் பெயரிலும் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். சந்தேகப்படுகிறாயா என்று அவர் கேட்டால், இருவரும் சேர்ந்தே சோதித்துக்கொள்வோம் என்று சொல்லலாம். கல்யாணத்துக்கு முன் ஜாதகம் பார்க்கிறவர்கள் ரத்தமும் பார்த்தால் தவறில்லை. எச்.ஐ.வி. உள்ள ஆணோடு ஆணுறையின்றி ஒருமுறை யோனிவழி உறவு கொள்ளும் பெண்ணுக்கு அது தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ எட்டு. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் இது பல மடங்கு கூடும். எண் சிறியது என்று சும்மா இருக்கவும் வேண்டாம், ஒரே இரவில் வாழ்க்கை முடிந்தது என்று உடையவும் வேண்டாம். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தாலோ, இருப்பதற்கு வலுவான காரணம் இருந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து உண்டு. முதல் சில மணி நேரத்தில் தொடங்குவதே சிறந்தது, 72 தாண்டினால் பலனில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இதற்காகக் கேளுங்கள், மையம் மூடிய நேரமானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எல்லாருக்கும் இதைத் தருவதில்லை. விவரம் கேட்டு, தேவையை எடைபோட்டே தருவார்கள். உங்கள் கேள்வியில் சொன்ன அளவில் இது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அவரிடம் மனம் திறந்து பேசாமல் இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் கேள்வியில் கட்டாயத்தின் சாயல் எதுவும் இல்லை. இதைப் படிக்கும் வேறொருவருக்கு அப்படி நடந்திருந்தால், தனியார் உட்பட எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டது என்பதையும், 181 என்ற பெண்கள் உதவி எண் இரவிலும் இயங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

எச்.ஐ.வி. சோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் போதும். வாசலில் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடும் இடமாக அதை எண்ணாதீர்கள். ஆலோசகர் முதலில் கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்துப் பேசுவார், ஒப்புதல் வாங்கிக்கொண்டு ரத்தம் எடுப்பார்கள், முடிவு பெரும்பாலும் அன்றே உங்கள் கையில் மட்டும் தரப்படும். ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவைப் பிறரிடம் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. போக மனம் வராவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும் வரை சோதனை ‘இல்லை’ என்றே காட்டும் ஒரு மறைவுக்காலம் உண்டு. பெரிய ஆய்வகங்களில், எதிர்ப்புப் பொருளோடு கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனையில் 45 நாளில் வரும் முடிவை ஏறக்குறைய உறுதியாக நம்பலாம். விரைவுச் சோதனை என்றால் மூன்று மாதம் முடிந்தபின் ஒருமுறை பார்த்தே முடிவுகட்ட வேண்டும். அதே ரத்தத்தில் சிபிலிசுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். வலியே இல்லாத ஒரு புண்ணாக மூன்று வாரத்தை ஒட்டி வந்து, தானாக ஆறி, உள்ளே தொடரும் நோய் அது. தொடக்க நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நீங்கள் போட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் இருக்கும் பழைய அட்டையைப் பாருங்கள். போடவில்லை என்றால் முதல் ஊசியை இப்போதே போடலாம், தொடர்பு நடந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கினாலும் பயன் உண்டு, சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது.

நான் உண்மையில் அதிகம் அஞ்சுவது, இவ்வளவு பெயர் பெறாத கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளைத்தான். ஆணுக்குச் சிறுநீர் எரிச்சல், சீழ் என்று சில நாளிலோ இரண்டொரு வாரத்திலோ காட்டிக்கொடுப்பவை பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே காட்டாமல் இருந்துவிடும். அப்படியே விட்டால் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறி, குழாயை அடைத்து, ஆண்டுகள் கழித்துக் குழந்தைக்காக வரும்போதுதான் தெரியவரும். இரண்டு வாரம் கழித்து ஒரு மருத்துவரைப் பாருங்கள்; நாற்றத்தோடும் நிறத்தோடும் கூடிய வெள்ளை, அடிவயிற்று வலி, உறவின்போது வலி, இடையில் ரத்தம் என்று எதுவும் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் அறிகுறியை வைத்தே, நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களில் இலவசமாகச் சிகிச்சை தருவார்கள். இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்; ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்ப வரும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் பற்றி இந்த ஓர் இரவுக்காகப் பதற வேண்டாம். தடுப்பூசி 26 வயது வரை போடலாம், இந்த வயதில் உங்களுக்கும் ஓரளவு பயன் இருக்கும்.

தோழி சொன்னது இங்கேதான் தடம் மாறுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை பிற்காலத்தில் குழந்தை பிறப்பதைக் கெடுக்காது. அதன் வேலை அந்தச் சுழற்சியோடு முடிந்துவிடுகிறது. குழந்தைப் பேற்றைக் கெடுப்பவை, கவனிக்காமல் விட்ட அந்த மௌனத் தொற்றும், முறையில்லாத இடத்தில் செய்யும் கருக்கலைப்பும்தான். அந்த மாத்திரையை மாதாமாதம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: மாதவிலக்கைக் குழப்பும், நாள்தோறும் சாப்பிடும் மாத்திரையைவிடப் பலன் குறைவு. காப்பர் டி வைத்துக்கொண்டால் அதே கவலை இல்லை. 380ஏ வகை பத்து ஆண்டு வரை இருக்கும், திருமணத்துக்குப் பின் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் மாதத்தில் எடுத்துவிட்டால் அடுத்த சுழற்சியிலேயே கர்ப்பம் தங்கலாம். ஆனால் அது நோயைத் தடுக்காது; இருவரின் மூன்றாம் மாதச் சோதனை முடியும் வரை ஆணுறையும் வேண்டும்.